முதுகுத்தண்டு ஊசியும் நானோ மருத்துவமும்: என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

2021 நவம்பரில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது: முடங்கிப்போன எலி ஒரே ஊசியில் எழுந்து நடந்தது. அமெரிக்காவில் சிகாகோ பக்கம் இருக்கும் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில், சாமுவேல் ஸ்டப் என்ற விஞ்ஞானியின் ஆய்வகம் செய்த வேலை அது. கோஸ்டாரிகாவில் பிறந்தவர், நானோ இழைகளை வைத்துத் திசுக்களை மறுபடி வளரவைக்கப் பல வருடங்களாக உழைப்பவர். அந்தச் செய்தி புதிது போலத் திரும்பத் திரும்ப வருகிறது. வரும்போதெல்லாம் என் போன் அடிக்கிறது.

நான் அவருடைய ஆய்வகத்தில் இருந்தவள் இல்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த பெப்டைடு (அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி) கூழ்களில் இங்கே வேலை செய்கிறேன். என் தாய்மாமா தென்னையிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்ப் 11 வருடம் ஆகிறது. அதனால் இந்தக் கேள்விகள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் என்னோடுதான் இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே எழுதி வைக்கிறேன்.

நானோன்னா ரொம்பச் சின்னதுன்னு தெரியும். எவ்வளவு சின்னது?

ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 முதல் 1,00,000 நானோமீட்டர். ரத்தச் சிவப்பணு 7,000 முதல் 8,000. டிஎன்ஏ இழையின் அகலம் 2.

மருத்துவத்துக்கு இந்த அளவு ஏன் முக்கியம் என்றால், உடம்பு தன் வேலையை இந்த அளவில்தான் செய்கிறது. தோல், எலும்பு, தசைநார் எல்லாவற்றையும் தாங்கும் கொலாஜன் நார்கள் சில பத்து முதல் சில நூறு நானோமீட்டர் தடிமன் கொண்டவை. செல் அந்த நாரைத் தொட்டுப் பார்த்துத்தான் தான் எங்கே இருக்கிறது, வளரலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறது. செல்லோடு பேச வேண்டுமானால் அதன் கைக்கு எட்டுகிற அளவில் பேச வேண்டும்.

உடம்புக்குள்ள குட்டி ரோபோ போய் ரிப்பேர் பண்ணுமா?

இல்லை. சினிமா அப்படிப் பழக்கிவிட்டது. இப்போது நடக்கிற நானோ மருத்துவத்தைப் பெரும்பாலும் இரண்டு வேலைகளில் அடக்கிவிடலாம். ஒன்று, மருந்தைப் பொட்டலம் கட்டி ஓரிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இன்னொன்று, பாகற்கொடிக்குப் பந்தல் போடுவதுபோல் செல்லுக்குப் பந்தல் போடுவது. கொடியை நாம் இழுத்து வளர்ப்பதில்லை. பிடித்து ஏற ஒன்றைக் கொடுக்கிறோம், அது ஏறிக்கொள்கிறது. எலிக்குப் போட்டது பந்தல் வகை. கீழே வரும் குழந்தையின் கதை பொட்டல வகை.

கையில வெட்டுப்பட்டா ஆறிடுது. தண்டுவடம் மட்டும் ஏன் ஆறாது?

கை நரம்பு அறுந்தால் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் வளரும். மெதுவாக வளர்ந்தாலும் வளரும். மூளையிலும் தண்டுவடத்திலும் அந்த வளர்ச்சி ஏறக்குறைய நின்றுபோகிறது. அடிபட்ட இடத்தைச் சுற்றித் துணைச் செல்கள் தடித்த வடுவாகக் கூடுகின்றன. நரம்பைச் சுற்றியிருந்த கொழுப்பு உறை சிதைந்து, அதன் துண்டுகளே "வளராதே" என்று தடுக்கும் சமிக்ஞையாகின்றன. ரத்தக் குழாய்களும் அங்கே சாகின்றன.

அதனால் ஒரே ஒரு தடையை நீக்கினால் போதாது. வடு குறைய வேண்டும், நரம்பிழை நீள வேண்டும், உறை திரும்ப வர வேண்டும், ரத்தம் ஓட வேண்டும், மிச்சமுள்ள நரம்புச் செல்கள் பிழைக்க வேண்டும்.

அந்த எலிக்கு என்னதான் போட்டாங்க?

ஒரு திரவம். அதில் ஸ்டப் குழு வடிவமைத்த ஒரு மூலக்கூறு கரைந்திருக்கிறது. அதன் ஒரு முனை கொழுப்பு வால். இந்த வகை மூலக்கூறுகளில் பெரும்பாலும் வாலாக வருவது நம் சமையல் பாமாயிலில் இருக்கும் அதே பால்மிட்டிக் அமிலம். நடுவில் சில அமினோ அமிலங்கள். மறுமுனையில் செல்லுக்கான சமிக்ஞை. தண்ணீரில் போட்டால் வால்கள் தண்ணீருக்குப் பயந்து உள்ளே ஒளிந்துகொள்ள, சமிக்ஞைகள் வெளியே நிற்க, லட்சக்கணக்கில் ஒன்றுசேர்ந்து நீண்ட இழையாகின்றன. இழையின் தடிமன் 10 நானோமீட்டர் அளவுதான். உடம்பின் உப்புகளைச் சந்தித்ததும் இழைகள் பின்னிக் கூழாகிவிடும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். எங்கள் ஆய்வக மேசையில் ஒரு சின்னக் கண்ணாடித் தட்டில் கால்சியம் குளோரைடு கரைசல் இருக்கும். பிப்பெட்டில் பெப்டைடு கரைசலை எடுத்து, முனையைக் கரைசலுக்குள் வைத்து, அழுத்திக்கொண்டே கையைப் பின்னால் இழுக்க வேண்டும். தண்ணீராக இருந்தது இடியாப்ப நூலாக வரும். கண்ணாடி மாதிரி தெளிவாக, இடுக்கியால் தூக்கினால் தொங்கும். முதல் தடவை அது அறுந்துபோகாமல் வந்த அன்று மாமாவுக்குப் படம் அனுப்பினேன். "இதுவா?" என்று கேட்டார்.

எலிக்கான இழையில் இரண்டு சமிக்ஞைகள் இருந்தன. ஒன்று லாமினின் என்ற புரதத்தின் ஒரு துண்டைப் போலச் செய்தது. நரம்பிழை நீள அது உதவும். மற்றொன்று எஃப்ஜிஎஃப்-2 என்ற வளர்ச்சிக் காரணியைப் போல நடிப்பது. ரத்தக் குழாய்க்கும் செல் பிழைப்புக்கும் அது. கடுமையாக அடிபட்ட தண்டுவடத்தில் 24 மணி நேரம் கழித்து ஒரே ஊசி. 4 வாரத்தில் பின்னங்கால்கள் நடந்தன. முந்தைய பதிலில் சொன்ன ஐந்து விஷயங்களும் ஓரளவு நடந்திருப்பதைத் திசுவைச் சீவிப் பார்த்து உறுதி செய்தார்கள். ஆய்வைச் செய்த குழுவில் முதல் பெயர் ஸைதா ஆல்வாரெஸ் என்ற பெண் விஞ்ஞானியுடையது. வெளிவந்தது சயன்ஸ் இதழில்.

"ஆடும் மூலக்கூறு"ன்னு போட்டிருந்தாங்களே, அது சும்மா விளம்பரத்துக்கா?

இல்லை, அந்த ஆய்வின் உயிரே அதுதான். இதைப் படித்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

அவர்கள் ஒரே சமிக்ஞைகளைக் கொண்ட பல இழைகளைச் செய்தார்கள். மாற்றியது நடுவில் இருக்கும் சில அமினோ அமிலங்களை மட்டும். செல்லுக்கு அந்த நடுப்பகுதி எதுவும் சொல்வதில்லை. ஆனால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று எவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. இறுக்கம் குறைந்த இழையில் மூலக்கூறுகள் நெளிந்தன, துள்ளின, சில நேரம் இழையை விட்டு எட்டிப் பார்த்தன. நன்றாக அசைந்த இழை போட்ட எலிகள் அதிகம் தேறின. சமிக்ஞை அதே, அளவு அதே, பலன் வேறு.

காரணம் என்று அவர்கள் சொல்வது: செல்லின் மேல் இருந்து சமிக்ஞையைப் பிடிக்கும் ஏற்பிகளும் ஓயாமல் அசைகின்றன. தேரோட்டக் கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளையைத் தேடும்போது நாமும் நடந்துகொண்டே, கையை வீசிக்கொண்டே தேடுகிறோம் இல்லையா, அப்படிச் சந்திக்கிற வாய்ப்பு கூடுகிறது. அதற்கு முன்னால் எந்தச் சமிக்ஞையை வைப்பது, எவ்வளவு வைப்பது என்றே பெரும்பாலும் யோசித்தோம். அது அசைகிறதா என்று கேட்டவர்கள் குறைவு.

எலி நடந்துருச்சுல்ல, அப்போ மனுஷனுக்கு எப்போ?

எனக்குத் தேதி சொல்லத் தெரியாது. சொல்பவரை நம்பவும் வேண்டாம். இது இன்னும் ஒப்புதல் பெற்ற சிகிச்சை இல்லை.

"நடந்தது" என்ற சொல்லையே கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். எலியின் நடையை 0 முதல் 9 வரை மதிப்பெண்ணாக அளக்கிறார்கள். கணுக்கால் அசைவே இல்லையென்றால் 0, இயல்பான நடை 9. செய்தித் தலைப்பில் இந்த இடைப்பட்ட எண்களுக்கு இடமில்லை. அடுத்தது, மனிதத் தண்டுவடம் சுமார் 45 சென்டிமீட்டர். ஆய்வில் இருந்த சுண்டெலிக்குச் சில சென்டிமீட்டர். அடுத்தது, மனிதருக்கு அடிபட்ட இடத்தில் நாளாக ஆக நீர் கோத்த ஒரு குழி உண்டாகும். சுண்டெலிக்குப் பெரும்பாலும் அப்படிக் குழி விழுவதில்லை, நார்த்திசு வந்து நிரப்பிவிடும். குழிக்கு மேல் பந்தல் போடுவது வேறு வேலை.

அதன் பிறகுதான் நஞ்சு இருக்கிறதா என்ற சோதனை, ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் தயாரிக்கும் வழி, சிலருக்கு மட்டும் கொடுத்துப் பார்ப்பது, பலருக்குக் கொடுத்து ஒப்பிடுவது. இந்தத் துறையில் எலியில் ஜெயித்து மனிதரிடம் தோற்றவை நிறைய.

ஏம்மா, உங்க மாமாவுக்கு இது உண்டா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு.

கேட்டது என் அத்தை. "இப்போ இல்ல அத்தை" என்றேன். அதைச் சொல்ல எனக்கு இரண்டு தீபாவளி ஆனது.

எலிக்கு அடிபட்ட மறுநாளே ஊசி போட்டாயிற்று. மாமாவுக்குப் 11 வருடத்து வடு. அடிபட்ட முதல் நாட்களில் சாகப்போகிற செல்லைக் காப்பாற்றலாம். பழைய காயத்தில் அந்தச் செல்கள் எப்போதோ போய்விட்டன. தடை எல்லாம் நீங்கி நரம்பு கை நரம்பின் வேகத்திலேயே வளர்ந்தாலும், இடுப்பிலிருந்து பாதத்துக்கு ஒரு மீட்டர் என்று வைத்தால் ஆயிரம் நாள். பழைய காயத்துக்கான ஆய்வுகளும் உலகில் நடக்கின்றன, ஆனால் இந்த ஊசியின் முடிவை அங்கே கொண்டுபோய் ஒட்ட முடியாது.

மாமாவை இத்தனை வருடம் உயிரோடு, வேலையோடு வைத்திருப்பது மறுவாழ்வுப் பயிற்சி. இரவில் இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைப்பது, சக்கர நாற்காலியில் அரை மணிக்கொரு தடவையாவது கைகளை ஊன்றி உடம்பைத் தூக்குவது, சிறுநீர்க் குழாயைச் சுத்தமாகக் கையாளுவது. தண்டுவடம் அடிபட்டவர்களைக் கொண்டுபோவது பல நேரம் படுக்கைப்புண்ணும் சிறுநீரகத் தொற்றும்தான். வேலூர் சி.எம்.சி.யில் 1966-இல் மறுவாழ்வு நிலையத்தைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் விபத்தில் தண்டுவடம் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனும் தண்டுவடம் அடிபட்டவரே. ஊசிக்காகக் காத்திருக்கும் வீடுகள் இப்படிப்பட்ட இடங்களுக்கு ஒரு தடவையாவது போய் வர வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

எங்கம்மாவுக்கு முட்டி தேய்ஞ்சு போச்சு. அதுக்கும் இவங்க ஏதோ கண்டுபிடிச்சிருக்காங்களாமே?

ஆமாம், அதே ஸ்டப் குழு. 2024-இல் ஆட்டின் முழங்காலில் செய்து பார்த்தார்கள். செம்மறியாட்டின் அந்த மூட்டு அளவிலும் எடை தாங்குவதிலும் மனித முட்டிக்கு ஓரளவு நெருக்கம். குருத்தெலும்பில் இருந்த குறைபாட்டில் பெப்டைடு இழையும் ஹயலூரானிக் அமிலமும் கலந்த பசை மாதிரியான பொருளை வைத்தார்கள். ஆறு மாதத்தில் நல்ல தரமான குருத்தெலும்பு வளர்ந்திருந்தது.

ஆனால் அம்மாவுக்கு இருப்பது முழு மூட்டும் தேய்ந்த நிலை. சுவரில் ஒரு குழியை அடைப்பதும் சுவர் முழுக்கக் காரை உதிர்ந்திருப்பதும் ஒன்றில்லை. இப்போதைக்கு எடையைக் குறைப்பதும் தொடைத் தசைக்கான பயிற்சியும்தான். மருத்துவர் அறுவை சிகிச்சை வேண்டும் என்றால் இதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

துல்லிய மருத்துவம்னா என்ன? எல்லா மருந்தும் துல்லியமாத்தானே கொடுக்கிறாங்க?

ஒரே நோய்ப் பெயர் கொண்ட எல்லாருக்கும் ஒரே மருந்து என்பதை விட்டு, இந்த ஆளின் மரபணுவில், இந்த செல்லில் என்ன கெட்டிருக்கிறது என்று பார்த்துக் கொடுப்பது. இதன் எல்லையை 2025-இல் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் பார்த்தோம். பிறந்த குழந்தைக்கு சிபிஎஸ்1 என்ற நொதி வேலை செய்யவில்லை. அது இல்லையென்றால் உணவுப் புரதத்திலிருந்து வரும் அம்மோனியா ரத்தத்தில் ஏறி மூளையைக் கெடுக்கும். டாக்டர்கள் ரெபெக்கா அரென்ஸ்-நிக்லஸும் கிரண் முசுனூருவும் சேர்ந்து, அந்த ஒரு குழந்தையின் மரபணுவில் இருந்த அந்த ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தும் மருந்தை ஆறே மாதத்தில் செய்தார்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மூன்று தவணை. அதன் பிறகு குழந்தை முன்பைவிட அதிகப் புரதம் சாப்பிட முடிந்தது, மருந்தும் குறைந்தது. முழுதாகக் குணம் என்று அந்த மருத்துவர்கள் சொல்லவில்லை.

திருத்தும் கருவியைச் சுமந்து போனது கொழுப்பு நானோ துகள். இந்தத் துகள் ரத்தத்துக்குள் போனதும் அபோ-ஈ என்ற புரதம் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். கல்லீரல் செல் அதைப் பார்த்து, தனக்கு வந்த கொழுப்பு என்று எண்ணி உள்ளே எடுத்துக்கொள்ளும். 2018-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பட்டிசிரான் என்ற மருந்தும் இதே வழியில்தான் போகிறது. கல்லீரல் நோய்க்கு இது பெரிய வரம். நுரையீரலுக்கோ மூளைக்கோ போகவேண்டிய மருந்தும் கல்லீரலிலேயே இறங்கிவிடுவது இதன் மறுபக்கம்.

அப்போ கேன்சர் மருந்தும் கட்டிக்கு மட்டும் நேராப் போயிடுமா? முடி கொட்டாதா?

இல்லை, அப்படி நேராகப் போவதில்லை. இது பலருக்கும் ஏமாற்றம் தரும் பதில். டொராண்டோவில் வாரன் சானின் குழு பத்து வருட ஆய்வுகளை அள்ளிப்போட்டு 2016-இல் கணக்குப் பார்த்தது. விலங்குகளுக்கு ஊசியில் போன துகள்களில் கட்டியைச் சேர்ந்தது, நடு மதிப்பாக 0.7 சதவீதம். மிச்சத்தில் பெரும்பகுதி மேலே சொன்ன கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போனது.

அப்படியும் பயன் இருக்கிறது. டாக்சோரூபிசின் என்ற பழைய மருந்து இதயத்தைக் கெடுக்கும். அதை லைப்போசோம் என்ற கொழுப்புக் குமிழுக்குள் வைத்த டாக்சில் 1995-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இதயத்துக்கு வரும் கேடு குறைந்தது. பதிலாக உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து உரியும் தொல்லை வந்தது. பக்கவிளைவு இடம் மாறியது. எந்த இடம் தாங்கும் என்று பார்த்துத்தான் மருத்துவர் தேர்ந்தெடுக்கிறார்.

எனக்குப் போட்ட கோவிட் ஊசில நானோ இருந்துச்சா?

நம்மில் பெரும்பாலோர் போட்டது கோவிஷீல்டு அல்லது கோவாக்சின். கோவிஷீல்டில் இருந்தது மாற்றியமைத்த அடினோ வைரஸ், கோவாக்சினில் செயலிழக்கவைத்த கொரோனா வைரஸ். ஃபைசர், மாடர்னா போட்ட வெளிநாட்டு உறவினர்களுக்குக் கொழுப்பு நானோ துகள் போயிருக்கும். அவற்றைப் போலவே புணேயில் ஜெனோவா நிறுவனம் செய்த எம்ஆர்என்ஏ வகைத் தடுப்பூசிக்கு இங்கே 2022 ஜூனில் அவசர அனுமதி கிடைத்தது. பயம் வேண்டாம். வைரஸே நூறு நானோமீட்டர் அளவிலான பொருள்தான்.

சித்தர்கள் பஸ்பம்னு அப்பவே நானோ பண்ணிட்டாங்களே மேடம்?

சில பஸ்பங்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர்கள் நானோ அளவுத் துகள்களைக் கண்டிருக்கிறார்கள். புடம் போட்டுப் போட்டு அவ்வளவு நுண்மையாக்கிய கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆனால் சிறிதாக இருப்பது மட்டும் மருந்தாக்காது. சிறிதானால் உள்ளே எளிதாகப் போகும். அதில் பாதரசமோ ஈயமோ மிச்சமிருந்தால் அதுவும் அப்படியே போகும். யார் செய்தது, சோதித்தார்களா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

உள்ள போன துகள் உடம்பிலேயே தங்கிடாதா?

எதனால் செய்தது என்பதைப் பொறுத்தது. சுமார் 6 நானோமீட்டருக்குக் குறைவானதைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியே அனுப்பிவிடும். அதைவிடப் பெரிதைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடிக்கும். தங்கம் போன்ற கரையாத துகள் அங்கே நெடுநாள் கிடக்கலாம். அதனால்தான் அவற்றைத் தனியாகச் சோதிக்கிறார்கள். எலிக்குப் போட்ட இழை அமினோ அமிலமும் கொழுப்பும் ஆனதால் 12 வாரத்தில் செல்லுக்கு உணவாகக் கரைந்துபோனது. இந்தியாவில் நானோ மருந்துகளை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று உயிரித் தொழில்நுட்பத் துறை 2019-இல் வழிகாட்டி நெறிகளை வெளியிட்டிருக்கிறது.

ஒரு இடத்துல ஸ்டெம் செல்லும் நானோவும் சேர்த்து ஊசி போடுறோம், 6 லட்சம்னு சொல்றாங்க. நிலத்தை வித்துப் போடலாமா?

வேண்டாம். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் யோசிக்காமல் பதில் சொல்கிறேன்.

2017-இல் வந்த தேசிய வழிகாட்டு நெறிகளின்படி, ரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்கு ரத்தம் உருவாக்கும் ஸ்டெம் செல்லை மாற்றுவது மட்டுமே ஏற்கப்பட்ட சிகிச்சை. தண்டுவடம் உட்பட மற்றதெல்லாம் ஆய்வு. ஆய்வென்றால் சி.டி.ஆர்.ஐ. என்ற மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதற்கு எண் இருக்கும். அந்த எண்ணைக் கேளுங்கள், இணையத்தில் போட்டுப் பாருங்கள். ஆய்வில் சேர்பவரிடம் அந்த ஊசிக்குக் காசு வாங்குவது நெறியல்ல. கேடு நேர்ந்தால் இழப்பீடு தரவேண்டும் என்று 2019 விதிகள் சொல்கின்றன. "எண் எல்லாம் எதுக்கும்மா, நம்பிக்கை இருந்தாப் போதும்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு அழைப்பு வந்தது. அந்த மையத்தின் கையேட்டில் ஸ்டப் குழுவின் எலிப் படம் ஒட்டியிருந்தது. ஊசியில் இருந்தது என்ன என்று கேட்டேன், பதில் இல்லை. அத்தை வளையலைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எலிக்கு ஏன் 24 மணி நேரம் கழிச்சுப் போட்டாங்க? உடனே போட்டிருந்தா இன்னும் நல்லா நடந்திருக்கும்ல?

ஒரு பள்ளி மாணவி கேட்ட கேள்வி. இதுவரை வந்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது.

அடிபடும் மனிதர் அந்த நிமிடமே ஊசிக்குப் பக்கத்தில் இருக்க மாட்டார். சாலையில் கிடப்பார், யாராவது பார்க்க வேண்டும், ஆம்புலன்ஸ் வர வேண்டும், படம் எடுக்க வேண்டும். அந்தத் தாமதத்தைச் சேர்த்தே சோதிக்கத்தான் ஒரு நாள் காத்தார்கள்.

ஆகவே இந்த ஊசி நாளைக்கே வந்தாலும், அது வேலை செய்யப்போவது காயம் மேலும் கெடாமல் வந்து சேர்ந்தவரிடம்தான். மாமா விழுந்த அன்று, தோப்பில் இருந்தவர்கள் பதறி, அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உட்காரவைத்து, ஆட்டோவின் பின்சீட்டில் மடக்கிக் கொண்டுபோனார்கள். அன்பில் செய்தது. மரத்திலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்தவர் முதுகோ கழுத்தோ வலிக்கிறது, கால் மரத்துவிட்டது என்றால் உட்காரவைக்காதீர்கள், நிற்கவைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்கத் தலையைத் தூக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். அதுவரை ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் நாலைந்து பேர் சேர்ந்து, ஒரே குரலுக்கு, தலையும் முதுகும் இடுப்பும் ஒரே கோட்டில் இருக்கும்படி உருட்டி, பலகையிலோ கழற்றிய கதவிலோ ஏற்றுங்கள்.